‘திருடன்’னு ஃபார்வர்டு பண்ணினா யார் பொறுப்பு? அவதூறு, மானநஷ்டம், அவமதிப்பு... குழப்பும் சட்ட வார்த்தைகள்: எளிய விளக்கம்

பெரம்பலூரில் இருந்து திருச்சி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது சிறுவாச்சூர். மதுர காளியம்மன் கோயில் என்றால் சுற்றுவட்டார மாவட்டங்களில் தெரியாதவர்கள் குறைவு. வழக்கமாக வாரத்தில் திங்கள், வெள்ளி என இரண்டு நாட்கள் மட்டும்தான் நடை திறக்கும். அந்த இரண்டு நாளும் ஊரே திருவிழா போல இருக்கும்.

2021-ல் இந்தக் கோயிலைச் சேர்ந்த உபகோயில்களில் சிலைகள் உடைக்கப்பட்டன. அவற்றைச் சீரமைக்கப் போவதாகச் சொல்லி, இணையம் வழியாகப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார் ஒரு யூடியூபர். உரிய அனுமதி இல்லாமல் பணம் வசூலிக்கப்பட்டதாகக் கோயில் செயல் அலுவலர் புகார் கொடுத்தார். நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல் உள்ளிட்ட பிரிவுகளில் வழக்குப் பதிவு செய்த ஆவடி போலீசார், 2022 மே மாதம் அவரைக் கைது செய்தனர். குற்றச்சாட்டை அவர் தரப்பு மறுத்தது.

செய்தி இவ்வளவுதான். ஆனால் இப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப் குரூப்பில் விழுந்தால் என்ன ஆகும்? ஒருவர், ‘நன்கொடை வசூலித்ததாகப் புகார், யூடியூபர் கைது’ என்று போடுவார். அடுத்தவர், ‘கோயில் பணத்தைத் தின்னவன் சிக்கிட்டான்’ என்று போடுவார். இன்னொருவர், எந்த ஆதாரமும் இல்லாமல், ‘புகார் கொடுத்தவருக்கு எவ்வளவு காசு கைமாறுச்சோ’ என்பார்.

மூன்று பேரும் பேசுவது ஒரே செய்தியைப் பற்றி. ஆனால் சட்டத்தின் பார்வையில் முதல் நபர் சொன்னது செய்தி. மற்ற இருவர் சொன்னதும் வழக்காக மாற வாய்ப்புள்ள வார்த்தைகள். அந்த வழக்கின் பெயர் என்ன? அவதூறா, மானநஷ்டமா? போலீஸ் கைது பண்ணுமா? குரூப் அட்மின் மாட்டுவாரா? நாம் அன்றாடம் போட்டுக் குழப்பிக்கொள்ளும் சட்ட வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

குற்றம்சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு

முதல் குழப்பமே இங்குதான். ஒருவர் மீது புகார் வருகிறது. போலீசார் முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்ஐஆர் பதிவு செய்கிறார்கள். விசாரிக்கிறார்கள். தேவைப்பட்டால் கைது செய்கிறார்கள். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறார்கள். சாட்சி விசாரணை நடக்கிறது. கடைசியில் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்கிறது.

இந்தப் பயணத்தில் தீர்ப்பு வரும்வரை அவர் ‘குற்றம்சாட்டப்பட்டவர்’ மட்டுமே. நீதிமன்றம் குற்றம் உறுதியானது என்று சொன்ன பிறகுதான் ‘குற்றவாளி’. கைதான அன்றே ஒருவரைத் ‘திருடன்’, ‘மோசடிக்காரன்’ என்று எழுதுவது, நீதிபதி எழுத வேண்டிய தீர்ப்பை நாமே எழுதுவது போலத்தான்.

இதேபோல இன்னொரு குழப்பம் ஜாமீன். ‘ஜாமீனில் விடுதலை’ என்று தலைப்பு பார்த்ததும், ‘அப்போ கேஸ் முடிஞ்சிருச்சா?’ என்று கேட்பவர்கள் நிறைய. முடியவில்லை. விசாரணை நடக்கும்போது வெளியில் இருக்கக் கிடைக்கும் அனுமதிதான் ஜாமீன். வழக்கை நடத்தவே போதிய முகாந்திரம் இல்லை என்று நீதிமன்றம் பெயரை நீக்கினால் அது ‘விடுவிப்பு’. முழு விசாரணைக்குப் பிறகு குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றால் அது ‘விடுதலை’. ஜாமீன் கிடைத்ததை வைத்து ‘நிரபராதி’ என்று கொண்டாடுவதும் தப்பு, கைதானதை வைத்துக் ‘குற்றவாளி’ என்று முத்திரை குத்துவதும் தப்பு.

சிறுவாச்சூர் விவகாரத்தில் பதிவான ‘ஏமாற்றுதல்’ பிரிவுதான் ஊரறிந்த 420. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்ததால், புதிய வழக்குகளில் அந்தக் குற்றத்துக்கான பிரிவு எண் 318. எண் மாறினாலும் பேச்சு மாறவில்லை. ‘அவன் ஒரு 420’ என்று குரூப்பில் போட்டால், அது இன்றும் ஒருவர் மீது சுமத்தும் குற்றச்சாட்டுதான்.

சரி, அவதூறு என்றால் என்ன?

ஒருவரின் நற்பெயருக்குக் கேடு வரும் என்று தெரிந்தோ, கேடு வர வேண்டும் என்ற எண்ணத்திலோ, அல்லது கேடு வரும் என்று நம்பக் காரணம் இருந்தும், அவரைப் பற்றி மூன்றாவது ஒருவரிடம் குற்றம் சுமத்திச் சொல்வது அவதூறு. பழைய சட்டத்தில் 499, 500 ஆகிய பிரிவுகள். புதிய சட்டத்தில் 356. 2024 ஜூலைக்கு முன்பு நடந்த சம்பவம் என்றால் பழைய பிரிவுகளே பொருந்தும்.

இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை ‘மூன்றாவது ஒருவர்’. ஓர் உதாரணம் பார்க்கலாம். சின்ன வெங்காயத்துக்குப் பெயர் போன பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு மண்டிக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடையில் ஏமாற்றுகிறார் என்று ஒரு விவசாயிக்குச் சந்தேகம்.

அந்த விவசாயி, யாரும் இல்லாத நேரத்தில் மண்டிக்காரரிடமே நேராகப் போய், ‘நீ எடையில திருடுற’ என்று சொன்னால் அது அவதூறு ஆகாது. ஏனென்றால் அதைக் கேட்டது அவர் ஒருவர்தான். மற்றவர்கள் மத்தியில் அவர் பெயர் கெடவில்லை. ஆத்திரமூட்டும் நோக்கத்தில் திட்டினால் வேண்டுமென்றே இழிவுபடுத்துதல் என்ற வேறு குற்றம் வரலாம்.

அதையே ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அவதூறு ஆகலாம். குரூப்பில் 200 பேர் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரே ஒருவருக்குத் தனியாக அனுப்பினாலும் போதும்.

ஆனால் அந்த விவசாயி, தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்தால் அது அவதூறு கிடையாது. விசாரிக்க அதிகாரம் உள்ளவரிடம் நேர்மையாகப் புகார் சொல்வதற்குச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. இப்படி மொத்தம் 10 விலக்குகள் இருக்கின்றன. பொது ஊழியரின் பணி குறித்த நேர்மையான கருத்து, நீதிமன்ற நடவடிக்கை பற்றிய உண்மையான செய்தி, பொதுமக்கள் முன் வைக்கப்பட்ட ஒரு படைப்பைப் பற்றிய விமர்சனம் எல்லாம் இதில் அடக்கம்.

ஆக, அநியாயம் நடந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சட்டம் சொல்லவில்லை. சரியான இடத்தில் சொல்லச் சொல்கிறது.

லைபல், ஸ்லாண்டர், லயபிள்: காதில் ஒன்று, பொருளில் வேறு

வக்கீல் நோட்டீஸ் ஆங்கிலத்தில் வந்தால் பலரும் தடுமாறும் மூன்று வார்த்தைகள் இவை.

‘லைபல்’ என்றால் எழுத்திலோ, படத்திலோ, பதிவாக நிற்கும் வேறு வடிவத்திலோ வரும் அவதூறு. சின்னப் புத்தகம் என்று பொருள் தரும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. ‘ஸ்லாண்டர்’ என்றால் வாய்ப்பேச்சில் வரும் அவதூறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது இங்கிலாந்துச் சட்ட மரபு. நம் ஊர் கிரிமினல் சட்டத்தில் இந்தப் பாகுபாடு இல்லை. பேசினாலும், எழுதினாலும், சைகை காட்டினாலும், படம் போட்டாலும் ஒரே பிரிவுதான். அதனால் ‘நான் எழுதல சார், வாய்ஸ் மெசேஜ்தான் போட்டேன்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மீம், கார்ட்டூன், எடிட் செய்த வீடியோ எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

‘லயபிள்’ என்பது முற்றிலும் வேறு வார்த்தை. ‘சட்டப்படி பொறுப்பாளி’ என்று பொருள். கட்டிப்போடுவது என்று அர்த்தம் தரும் பழைய பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். நோட்டீஸில் ‘நீங்கள் லயபிள்’ என்று இருந்தால், ‘ஏற்பட்ட இழப்புக்கு நீங்கள்தான் பொறுப்பு’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்கிறார் என்று பொருள். நீங்கள் அவதூறு செய்ததாக நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தாலே வழக்கு வந்துவிட்டது என்றும் ஆகாது. அது வழக்குக்கு முன் வரும் எச்சரிக்கைக் கடிதம். பயந்து ஓடவும் வேண்டாம், பதில் போடாமல் பீரோவில் பூட்டி வைக்கவும் வேண்டாம்.

கிரிமினல் அவதூறு, மானநஷ்ட வழக்கு: என்ன வித்தியாசம்?

ஒரே பேச்சுக்கு இரண்டு வகையான வழக்குப் போடலாம். தமிழில் இரண்டையும் சில நேரம் ‘அவதூறு வழக்கு’ என்றே சொல்வதால்தான் இவ்வளவு குழப்பம்.

கிரிமினல் வழக்கின் நோக்கம் தண்டனை. குற்றம் நிரூபணமானால் அதிகபட்சம் 2 ஆண்டு வெறுங்காவல் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் சமூக சேவை செய்யச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது. ராகுல் காந்தி வழக்கு இந்த வகை. 2019 தேர்தல் நேரத்தில் கர்நாடகாவின் கோலாரில் பேசியதற்காக, 2023 மார்ச் 23-ம் தேதி சூரத் நீதிமன்றம் அவருக்கு 2 ஆண்டு சிறை விதித்தது. மறுநாளே எம்.பி. பதவி போனது. 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி பதவி பறிபோகும் என்பதே காரணம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 4-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்த பிறகுதான் பதவி திரும்பக் கிடைத்தது. அதிகபட்ச தண்டனை கொடுத்ததற்குக் கீழ் நீதிமன்றம் காரணம் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது.

மானநஷ்ட வழக்கு சிவில் வகை. இங்கே ஜெயில் கிடையாது. கெட்டுப்போன பெயருக்குப் பணமாக ஈடு கேட்பது, மேற்கொண்டு பேசத் தடை கேட்பது, இவைதான் நோக்கம். கொடநாடு விவகாரத்தில் தன்னைத் தொடர்புபடுத்தி வெளியிட்ட வீடியோ குறித்து எடப்பாடி பழனிசாமி தொடர்ந்த வழக்கு இதற்கு நல்ல உதாரணம். பத்திரிகையாளர் மேத்யூ சாமுவேல் 1 கோடியே 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்த இடத்தில் இன்னொரு ஜோடி வார்த்தைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘அபராதம்’ என்பது தண்டனை. அந்தப் பணம் அரசுக்குப் போகும். ‘இழப்பீடு’ அல்லது ‘நஷ்டஈடு’ என்பது பாதிக்கப்பட்டவர் கைக்குப் போகும். ‘கோர்ட் ஒரு கோடி ஃபைன் போட்டுருச்சு’ என்று மானநஷ்ட வழக்கைப் பற்றிச் சொன்னால் அது தப்பு.

‘உண்மையைத்தானே சொன்னேன்’: எடுபடுமா?

பலரும் நம்பிக்கொண்டிருக்கும் வாதம் இது. பாதி சரி.

சிவில் வழக்கில் நீங்கள் சொன்னது உண்மை என்று நிரூபித்தால் அதுவே முழுப் பாதுகாப்பு. கிரிமினல் வழக்கில் உண்மை மட்டும் போதாது. அதை வெளியில் சொன்னது பொது நலனுக்காக என்றும் காட்ட வேண்டும். ஒரு அதிகாரி லஞ்சம் வாங்கியதை ஆதாரத்தோடு சொல்வதில் பொது நலன் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் குடும்பச் சண்டையை ஊருக்கே சொல்வதில் என்ன பொது நலன்? அது உண்மையாகவே இருந்தாலும் சிக்கல்தான்.

‘பேச்சுரிமை இருக்கும் நாட்டில் அவதூறுக்கு ஜெயில் எதற்கு?’ என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சுப்பிரமணியன் சுவாமி, ராகுல் காந்தி, அர்விந்த் கெஜ்ரிவால் உள்ளிட்டோர் தொடர்ந்த வழக்கில், 2016 மே 13-ம் தேதி தீர்ப்பு வந்தது. நற்பெயரும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லி, கிரிமினல் அவதூறு பிரிவுகள் செல்லும் என்றது நீதிமன்றம். இலங்கை 2002-லேயே கிரிமினல் அவதூறை நீக்கிவிட்டது. இங்கிலாந்திலும் 2010 முதல் அது குற்றமில்லை. அங்கெல்லாம் இப்போது நஷ்டஈடு வழக்கு மட்டும்தான். இந்தியாவில் இரண்டும் இருக்கிறது.

காலக்கெடுவிலும் வித்தியாசம் உண்டு. மானநஷ்ட வழக்கு என்றால் பொதுவாக ஓராண்டுக்குள் தொடர வேண்டும். கிரிமினல் அவதூறு என்றால் 3 ஆண்டுகள் வரை அவகாசம்.

போலீஸ் வீட்டுக்கு வந்து கைது பண்ணுமா?

அவதூறு பிரிவுக்கு மட்டும் என்றால், பொதுவாக இல்லை. போலீசார் தாங்களாக எஃப்ஐஆர் போட்டு, வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இதைச் சட்டம் வைக்கவில்லை. ஜாமீனும் உண்டு. பாதிக்கப்பட்டவர் நேரடியாக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனிப்புகார் தாக்கல் செய்ய வேண்டும். புதிய நடைமுறைச் சட்டப்படி, வழக்கை ஏற்பதற்கு முன்பே எதிர்த்தரப்பின் பேச்சையும் மாஜிஸ்திரேட் கேட்க வேண்டும். இரண்டு தரப்பும் சமாதானமாகப் போகவும் வழி இருக்கிறது. அருண் ஜெட்லி தொடர்ந்த வழக்கில் 2018-ல் கெஜ்ரிவால் மன்னிப்புக் கேட்க, விவகாரம் அதோடு முடிந்தது.

அப்படியென்றால் சமூக வலைத்தளப் பதிவுக்காக ஆட்கள் கைதாவது எப்படி? அங்கே பெரும்பாலும் வேறு பிரிவுகள் வேலை செய்கின்றன. இரு தரப்பினரிடையே பகையைத் தூண்டுவது, பொது அமைதியைக் கெடுக்கும் வதந்தி பரப்புவது, பெண்ணின் கண்ணியத்தை அவமதிப்பது போன்றவை தனித்தனிக் குற்றங்கள். இவற்றில் பலவற்றில் போலீசார் நேரடியாக வழக்குப் பதியலாம். ‘அவதூறு பரப்பியதாகக் கைது’ என்று செய்தி வரும்போது, எந்தப் பிரிவு என்று ஒருமுறை பாருங்கள். பல நேரம் அதில் அவதூறு பிரிவே இருக்காது.

‘நீதிமன்ற அவமதிப்பு’ம் இப்படித்தான். தனிமனிதரின் பெயரைக் கெடுப்பது அவதூறு. நீதிமன்றத்தின் உத்தரவை மீறுவது, நீதி நிர்வாகத்தின் மீதான மதிப்பைக் குலைப்பது அவமதிப்பு. 1971-ம் ஆண்டுச் சட்டப்படி இதற்கு அதிகபட்சம் 6 மாதம் சிறை. 2022 செப்டம்பரில் யூடியூபர் சவுக்கு சங்கருக்கு மதுரை உயர் நீதிமன்றக் கிளை 6 மாதம் சிறை விதித்தது இந்தச் சட்டத்தில்தான். அந்தத் தண்டனையை அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

எழுதினவர், ஃபார்வர்டு பண்ணினவர், அட்மின்: யார் பொறுப்பு?

கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் முக்கியமான கேள்வி இதுதான்.

எழுதியவர் பொறுப்பு என்பதில் சந்தேகமே இல்லை. ஃபார்வர்டு செய்தவர்? ‘நான் எழுதல, வந்ததை அனுப்பினேன்’ என்ற பதிலுக்கு என்ன மதிப்பு என்பதை நடிகர் எஸ்.வி.சேகர் வழக்கு காட்டியது. 2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை ஃபேஸ்புக்கில் அவர் பகிர்ந்தார். எழுதியது வேறொருவர். படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகச் சொன்னார். பதிவை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார்.

ஆனால் வழக்கை ரத்து செய்ய 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அனுப்பிய மெசேஜ் வில்லில் இருந்து கிளம்பிய அம்பு மாதிரி, அனுப்பியவர்தான் அதன் விளைவுக்குப் பொறுப்பு என்பது நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொன்னதன் சாரம். உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாத சிறைத் தண்டனையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. இந்த வழக்கும் அவதூறு பிரிவில் நடந்தது இல்லை, பெண்களை இழிவுபடுத்துவது உள்ளிட்ட பிரிவுகளில் நடந்தது. ஆனாலும் பகிர்ந்தவரின் பொறுப்பு குறித்து நீதிமன்றம் சொன்ன கருத்து எல்லா ஃபார்வர்டுகளுக்கும் ஒரு பாடம். அவதூறு பிரிவிலும் குற்றச்சாட்டை ‘உருவாக்குவது’ மட்டுமின்றி, ‘வெளியிடுவது’ம் குற்றம் என்றே இருக்கிறது.

அடுத்து குரூப் அட்மின். யாரோ ஒரு உறுப்பினர் போட்ட மெசேஜுக்கு அட்மினை உள்ளே தள்ள முடியுமா? ‘கரூர் லாயர்ஸ்’ என்ற வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஒரு பதிவுக்காக அதன் அட்மின் மீதும் வழக்குப் பதிவானது. 2021 டிசம்பரில் அதை விசாரித்த மதுரைக் கிளை, மனுதாரர் வெறும் அட்மினாக மட்டும் இருந்து, வேறு எந்தப் பங்கும் இல்லை என்றால், இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது. உறுப்பினர் செய்த குற்றத்துக்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்று 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அதே நேரம், அட்மினே அந்தப் பதிவைத் திட்டமிட்டுப் போடச் சொன்னாலோ, மற்ற குரூப்புகளுக்கு அனுப்பினாலோ கதை வேறு.

பொறுப்பு என்ற வார்த்தைக்குள்ளேயே இரண்டு வகை இருக்கிறது என்பதுதான் இதன் அடிப்படை. கிரிமினல் பொறுப்பு பொதுவாக அவரவர் செய்ததற்கு மட்டும். சிவில் பொறுப்பு அடுத்தவர் செய்ததற்கும் வரலாம். ஊழியர் வேலை நேரத்தில் செய்த தவறுக்கு முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டி வருவது இப்படித்தான். குரூப் அட்மின் யாருக்கும் முதலாளி இல்லை.

ஃபேஸ்புக், யூடியூப் போன்ற நிறுவனங்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு நிபந்தனையுடன் கூடிய பாதுகாப்பு கொடுக்கிறது. மற்றவர்கள் போடும் பதிவுக்கு அவை உடனே பொறுப்பாளி ஆவதில்லை. ஆனால் நீக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்த பிறகும் நீக்காமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அரசைத் திட்டினால் அவதூறா?

இந்தக் கேள்விக்கான முக்கியமான பதில்களில் சில தமிழ்நாட்டு வழக்குகளில்தான் கிடைத்தன.

தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட ‘நக்கீரன்’ முயன்றபோது, சிறைத்துறை தரப்பில் இருந்து எதிர்ப்பு வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிடலாம், அவதூறு வரும் என்று பயந்து அரசோ அதிகாரிகளோ முன்கூட்டியே தடை போட முடியாது, அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்று 1994 அக்டோபரில் தீர்ப்பானது. ஒரு அதிகாரியின் அலுவல் பணி பற்றிய விமர்சனத்துக்கு நஷ்டஈடு கேட்க வேண்டுமென்றால், உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் பொய்யை எழுதினார்கள் என்று அவர் காட்ட வேண்டும்.

2020 மே மாதம் இன்னொரு தீர்ப்பு. ‘தி இந்து’வின் என்.ராம் உள்ளிட்ட பத்திரிகையாளர்கள் மீது தமிழக அரசு தொடர்ந்த கிரிமினல் அவதூறு வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. முதல்வர், அமைச்சர் போன்றவர்களுக்காக அரசு வழக்கறிஞரே வழக்குத் தொடரச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. ஆனால் தனிமனிதர் போல எடுத்ததற்கெல்லாம் அரசு கோபப்பட்டு அதைப் பயன்படுத்தக் கூடாது, குடிமக்களிடம் பெற்றோர் போல நடந்துகொள்ள வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

‘எங்க ஊரையே அவதூறா பேசிட்டாங்க’, ‘எங்க ஆளுங்களையே தப்பா சொல்லிட்டாங்க’ என்று கிளம்பும் வழக்குகளுக்கும் பதில் இருக்கிறது. 2005-ல் நடிகை குஷ்பு சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அவர் மீது புகார்கள் குவிந்தன. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. அவதூறு என்றால் குறிப்பிட்ட நபரோ, அடையாளம் காணக்கூடிய சிறிய குழுவோ பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். பொதுவான ஒரு கருத்தைக் கேட்டு மனம் புண்பட்ட எல்லோரும் ‘பாதிக்கப்பட்டவர்’ ஆகிவிட முடியாது.

உங்களைப் பற்றித் தப்பாகப் போட்டால் என்ன செய்வது?

முதலில், பதிலுக்கு நீங்களும் திட்டிப் போடாதீர்கள். நாளை இரண்டு பேருக்கும் வழக்கு வரும். பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். லிங்க், தேதி, நேரம், போட்ட கணக்கின் பெயர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அந்தப் பதிவு வந்த கைபேசியை மாற்றவோ, அழிக்கவோ வேண்டாம். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது உரிய சான்றிதழும் இணைக்க வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் கொடுங்கள். மிரட்டலோ, ஆபாசமோ, மார்ஃபிங் படமோ இருந்தால் அது வெறும் அவதூறு இல்லை. சைபர் கிரைம் போலீசில் நேரடியாகப் புகார் கொடுக்கலாம்.

தப்பான செய்தியைப் பகிர்ந்தவர் நீங்கள் என்றால், உடனே நீக்குங்கள். அதே குரூப்பில் திருத்தமும் போடுங்கள். வழக்கே வராது என்று இதற்கு உத்தரவாதம் இல்லை, எஸ்.வி.சேகர் வழக்கில் பார்த்தோம். ஆனாலும் ஒரு மனிதரின் பெயருக்கு மேற்கொண்டு சேதம் வராமல் அது தடுக்கும்.

மறுபடியும் சிறுவாச்சூருக்கே வருவோம். கோயில், நன்கொடை, போலீஸ், அரசியல் எல்லாம் கலந்த ஒரு செய்தியில் யாருக்கும் கோபம் வருவது இயல்பு. கேள்வி கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ‘அனுமதி வாங்கினாரா?’, ‘வசூலான பணம் எங்கே?’, ‘உடைந்த சிலைகளை ஏன் சீக்கிரம் சரிசெய்யவில்லை?’ என்று கேட்பது அவதூறு கிடையாது. ‘புகார் வந்துள்ளது’, ‘கைது செய்யப்பட்டார்’, ‘அவர் தரப்பு மறுக்கிறது’ என்று எழுதுவதும் அவதூறு கிடையாது. விசாரணை முடியும் முன் யாரையாவது ‘திருடன்’ என்றோ, ‘லஞ்சம் வாங்கியவர்’ என்றோ நாமே முடிவு கட்டும்போதுதான் சட்டம் நம் பக்கம் திரும்புகிறது.

அடுத்த முறை இப்படி ஒரு மெசேஜ் வந்தால், ஃபார்வர்டு பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ‘இதை என் பெயரில், என் கையெழுத்துப் போட்டு, ஊர் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவேனா?’ மாட்டேன் என்று தோன்றினால், அந்த மெசேஜ் உங்களோடு நிற்கட்டும்.